கொழுந்து நிறுக்கும் நேரம்

சிவமயம்

கட்டுக்கலை, கண்டி
12.01.2024

அன்புள்ள சம்பந்தி அம்மா பேச்சியம்மா அவர்களுக்கு,

நாங்கள் இங்கே சுகம். என் முழங்கால் மட்டும் மழை வருவதை வானொலிக்கு முன்னமே அறிவித்துக்கொண்டிருக்கிறது. அங்கே குளிர் எப்படி? உங்கள் அவருக்கு இருமல் விட்டதா?

ஏன் போன் பேசாமல் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். உங்களுக்கும் எனக்கும் போன் ஒத்துவராது. கலியாணம் முடிந்த மூன்றாம் நாள் நீங்கள் பலாப்பழத்தோடு வந்து இறங்கியபோது, "வாறதெண்டால் சொல்லிப்போட்டு வாங்கோ" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அதன் பிறகு இரண்டு வருடமாக நீங்கள் என் வாசலை மிதிக்கவில்லை. போன் எடுத்தாலும் "ம்", "சரிங்க" தவிர வேறு பேச்சில்லை. முப்பத்தொரு வருடம் அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் கடிதம் எழுதியே சம்பளம் வாங்கியவள் நான். எனக்குப் பேச்சை விட எழுத்து பணிவாக வரும்.

விடயத்துக்கு வருகிறேன். லோஜினியின் வயிற்றில் பிள்ளை தலை மேலும் கால் கீழுமாக இருக்கிறதாம். பெப்ரவரி ஆறாம் திகதி ஒப்பரேசன் செய்துதான் எடுக்க வேண்டும் என்று டொக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். தலைப்பிரசவத்துக்கு மகளைக் கூட்டிப்போவது உங்கள் உரிமை. ஆனால் வயிற்றில் தையலோடு அவளை உங்கள் தோட்டத்துப் பாதையில் ஏற்ற முடியாது. இங்கேயே வைத்துப் பார்க்க நீங்கள் அனுமதி தர வேண்டும்.

பால் கொடுப்பதைப் பற்றியும் கவலை வேண்டாம். என் மகன் சேந்தனை நான் இரண்டு வருடம் தாய்ப்பாலில் வளர்த்தவள். மருமகளுக்கும் பழக்கிவிடுவேன்.

உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
பத்மாதேவி விவேகானந்தன்


மாரியம்மன் துணை

புசல்லாவை
15.01.2024

மரியாதைக்குரிய சம்பந்தி அம்மாவுக்குப் பேச்சியம்மா வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே நானும் அவரும் சுகம். இருமல் அவரை விட்டாலும் அவர் அதை விடமாட்டார். இன்று பொங்கல் நன்றாகவே பொங்கி வழிந்தது. உங்கள் முழங்காலுக்கு நல்லெண்ணெய் காய்ச்சி அனுப்புகிறேன்.

அனுமதி என்று பெரிய வார்த்தை எழுதியிருந்தீர்கள். தோட்டத்து லயத்து வீடென்றாலும் தலைப்பிரசவம் எங்கள் வீட்டில்தான் என்று தொட்டில் சேலையைத் துவைத்து வைத்திருந்தேன். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அதைத் திரும்பப் பெட்டியில் மடித்து வைத்தேன். மனது கஷ்டமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்? ஆனால் தையல் போட்ட பிள்ளையை மலையில் குலுக்கிக் கொண்டுவர நான் என்ன பிசாசா? உங்களிடமே இருக்கட்டும்.

பால் விஷயத்தில் மட்டும் ஒரு வார்த்தை. நீங்கள் ஒரு பிள்ளை வளர்த்தவர். நான் இருபத்தாறு வருஷமாகத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் ஆயா. தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகும் கைப்பிள்ளைகள் எல்லாம் என் பொறுப்பு. முந்நூறு பிள்ளைகளாவது என் மடியில் கிடந்திருக்கும். அதில் ஒன்றுகூட நோஞ்சானாகப் போனதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

இதைத் தங்கை மகன் தினேஸிடம் கொடுத்துவிடுகிறேன். கண்டி பஸ்ஸில் கண்டக்டர். தபாலை நம்பினால் பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகுதான் உங்கள் கைக்கு வரும்.

வணக்கத்துடன்,
கறுப்பையா பேச்சியம்மா


சிவமயம்

கட்டுக்கலை, கண்டி
09.02.2024

அன்புள்ள சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

தாயும் மகளும் சுகம். ஆஸ்பத்திரியில் பிள்ளையைப் பார்த்துவிட்டு நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தீர்களா? பிள்ளைக்கு உங்கள் மூக்கு என்று சேந்தன் சொல்கிறான். நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

இன்றைக்கு மூன்று நாள். பால் இறங்கவில்லை. ஒப்பரேசன் முடிந்ததும் லோஜினிக்கு நடுக்கம் வந்துவிட்டது, அன்று மாலைதான் பிள்ளையை அவள் நெஞ்சில் வைக்க முடிந்தது. எழுந்து உட்கார்ந்தால் தையல் இழுக்கிறது. பிள்ளை காலை உதைத்தால் நேராகக் காயத்தில் படுகிறது. "ஒப்பரேசன் எண்டால் பால் ரெண்டு மூண்டு நாள் பிந்தி வரும். பயப்பிடாதேங்கோ. பிள்ளை சப்பச் சப்பத்தான் ஊறும்" என்று தாதி சொன்னா. சீம்பால் நாலு சொட்டு கையால் பிழிந்து கரண்டியில் கொடுத்தார்கள்.

லோஜினி பேராதனையில் கணிதம் படித்துப் பட்டம் வாங்கிய பிள்ளை. தோற்றுப் பழக்கமில்லை. நேற்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, "என்னால முடியல மாமி. வயித்த வெட்டி எடுத்தாங்க, பாலையும் எங்கேயோ வெட்டி எடுத்துட்டாங்க போல" என்றாள்.

பால் ஊறுவதற்குப் பால்சுறா மீன் வறை, வெள்ளைப் பூண்டு எல்லாம் கொடுத்தாயிற்று. உங்கள் முந்நூறு பிள்ளைகளில் இப்படி ஏதும் கண்டதுண்டா? என்ன செய்தீர்கள்? கேட்பதில் எனக்கு வெட்கமில்லை. எழுதுங்கள்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
பத்மாதேவி


மாரியம்மன் துணை

புசல்லாவை
12.02.2024

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு வணக்கம்.

எல்லோரும் சுகம்தானே? நான் சுகம். உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். கச்சேரியில் இருந்தவர் என்னிடம் யோசனை கேட்டு எழுதியிருக்கிறார் என்று எங்கள் அவரிடம் காட்டினேன். சரி, இரண்டு தரம் காட்டினேன்.

கவலை வேண்டாம். ஒழுங்கு வந்தால் பால் வரும். மடுவத்தில் இருபத்தாறு வருஷமாக நான் நடத்தும் நேரம் இதுதான்: காலை ஏழு மணி, தாய் மலைக்குப் போகுமுன். பத்து மணி, தேத்தண்ணி நேரம். பன்னிரண்டரை, கொழுந்து நிறுக்கும் நேரம். பிறகு மூன்றரை. வீட்டில் ஆறரைக்கும் ஒன்பதரைக்கும் கொடுக்கட்டும். இதைப் பெரிய எழுத்தில் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன், கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். நடுவில் பிள்ளை அழுதால் தோளில் போட்டுத் தட்டுங்கள், இரண்டு நாளில் பழகிவிடும்.

ராத்திரி ஒன்பதரைக்கு மேல் லோஜினியை எழுப்பவே வேண்டாம். வயிறு கிழிந்த உடம்பு. தூங்கினால்தான் ஊறும்.

தினேஸிடம் முருங்கைக் கீரை கொடுத்திருக்கிறேன். அவன் பஸ்ஸில் மறந்துவிட்டால் எனக்குச் சொல்லுங்கள், காதைத் திருகுகிறேன்.

மகளையும் பேத்தியையும் கேட்டதாகச் சொல்லவும்.
பேச்சியம்மா


சிவமயம்

கட்டுக்கலை, கண்டி
20.02.2024

அன்புள்ள சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

நலம். உங்கள் நலமும் அதுவாகட்டும். பிள்ளைக்கு ஆதிரை என்று பெயர் வைத்திருக்கிறோம். கீரை வந்தது, தினேஸின் காது தப்பியது.

உங்கள் நேரத்தாளை அலுமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். இத்தனை வருடம் வரவுப் பதிவேடு பார்த்த கண் இது. ஒரு நிமிடம் முந்தவும் விடவில்லை, பிந்தவும் விடவில்லை. பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பிள்ளை வீறிட்டாலும் பத்து அடித்த பிறகுதான் கொடுக்கிறோம். உங்களைப் போல ஒழுங்கான ஒருவரை நான் அலுவலகத்தில்கூடக் கண்டதில்லை.

பால் வந்திருக்கிறது. ஆனால் போதவில்லை என்று லோஜினி சொல்கிறாள். நாளுக்கு நாள் மார்பு இளகிப் போகிறதாம். பொறுமை வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

இரவில் பிள்ளையை நான் என் அறைக்கு எடுத்துக்கொள்கிறேன். அருமையான பிள்ளை. விடியும்வரை சத்தமே இல்லை.

அன்புடன்,
பத்மாதேவி


மாரியம்மன் துணை

புசல்லாவை
22.02.2024

சம்பந்தி அம்மாவுக்கு வணக்கம். நான் சுகம்.

பெயர் நன்றாக இருக்கிறது. அவர் ஆதிரை ஆதிரை என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வெற்றிலை போடுகிறார்.

ஒன்று மட்டும் எழுதுங்கள். தாய்க்குப் பால் போதவில்லை என்கிறீர்கள். இரண்டு வாரப் பிள்ளை விடியும்வரை சத்தமில்லாமல் தூங்குகிறது என்றும் எழுதுகிறீர்கள். ராத்திரி பிள்ளைக்கு என்ன கொடுக்கிறீர்கள்?

பேச்சியம்மா


மாரியம்மன் துணை

புசல்லாவை
04.03.2024

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. வெறுங்கையோடு வந்தால் தினேஸ் இப்போது என் முகத்தைப் பார்க்காமல் போகிறான். லோஜினியைப் போனில் கேட்டால் "நல்லாருக்கேம்மா" என்கிறாள். அந்த நல்லாருக்கேன் எனக்குத் தெரியும், அது நல்லா இல்லாதபோது சொல்வது. உங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லையே?

கோபமாக எழுதவில்லை. இந்தக் கடிதம் என் பிழையைச் சொல்ல.

போன வாரம் மடுவத்தில் ஜெயராணி என்ற பிள்ளை பத்து மணிக்குப் பால் கொடுக்க வந்தாள். கைப்பிள்ளைக்காரி. ஏதோ தோன்றி, "ராத்திரி எத்தன தடவ குடுக்குற?" என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். "எத்தன தடவையா? என்னக்கா கேக்குறீங்க, விடிய விடிய வாயிலதான கெடக்கு! பகல்ல குடிக்காததயெல்லாம் ராத்திரிதான் உறிஞ்சி எடுக்குது" என்றாள். மற்றவர்களையும் கேட்டேன். எல்லோருக்கும் அதே கதைதான்.

சம்பந்தி அம்மா, நான் இருபத்தாறு வருஷம் பகலை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். நாலு மணிக்குப் பிள்ளையைத் தாய் கையில் கொடுத்துக் கதவைப் பூட்டினால் என் வேலை முடிந்தது. பிள்ளைகள் கொழுகொழுவென்று வளர்ந்தது என் நேரத்தால் இல்லை. அந்தத் தாய்மார் இரவெல்லாம் விழித்துக் கொடுத்த பாலால். பத்து மணியும் பன்னிரண்டரையும் பிள்ளைக்காக வைத்த நேரமே இல்லை, கொழுந்துக்காக வைத்தது. அதைத்தான் பெரிய எழுத்தில் எழுதி என் மகளுக்கு அனுப்பியிருக்கிறேன். அதிலும் ஒப்பரேசன் செய்து, பிந்தி வந்த பாலுக்கு! சப்பச் சப்பத்தான் ஊறும் என்று அந்தத் தாதி சொன்னதை நீங்கள் எழுதியே இருந்தீர்கள். நான்தான் என் பெருமையில் அதைப் படிக்காமல் தாண்டிப் போயிருக்கிறேன்.

அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள். பிள்ளையை ராத்திரி தாயிடமே விடுங்கள். நேரம் பார்க்காமல் கொடுக்கச் சொல்லுங்கள். என்னைத் திட்டியாவது இரண்டு வரி எழுதுங்கள்.

பேச்சியம்மா


சிவமயம்

கட்டுக்கலை, கண்டி
07.03.2024

அன்புள்ள பேச்சியம்மா,

நான் சுகமில்லை. முழங்காலைச் சொல்லவில்லை.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: பால்மா. ஒன்பதாம் நாளிலிருந்து இரவில் புட்டியில் கரைத்துக் கொடுத்தேன். தாய் தூங்கட்டும் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள், பிள்ளை அழுதது, வேறு வழி தெரியவில்லை. வீடு வீடாக வரும் மருத்துவமாது றஞ்சனா பிள்ளையைப் பார்க்க வந்த அன்று டின்னை அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். பிள்ளை நிறை கூடியிருக்கிறது என்று அவ பாராட்டினா. நான் பாராட்டை வாங்கிக்கொண்டு தேத்தண்ணி கொடுத்தேன்.

இதைவிடப் பெரிய பொய் ஒன்று இருக்கிறது. சேந்தனும் ஒப்பரேசன் பிள்ளைதான். தொண்ணூற்றொன்றில், காய்ச்சலோடு கிடந்தேன், ஐந்து நாள் பிள்ளையை என்னிடம் தரவில்லை. பிறகு தந்தார்கள், பால் இல்லை. ஒரு துளிகூட நான் அவனுக்குக் கொடுத்ததில்லை. யாரோ கேட்டபோது இரண்டு வருடம் என்று சொன்னேன். முப்பத்து மூன்று வருடமாக அதையே சொல்லிவருகிறேன். என் அவருக்கு மட்டும் தெரியும், அவர் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

நேற்று லோஜினி டின்னைக் கண்டுபிடித்துவிட்டாள். அரிசி எடுக்கப் போனவள் அதைக் கையில் பிடித்தபடி என் முன்னால் வந்து நின்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப நீங்க யாருகிட்ட மாமி அழுதீங்க?" என்றாள். அப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

பிறகு எழுந்து போய் உங்கள் நேரத்தாளை உரித்து என் கையில் தந்து, "இனி பிள்ளை என்கூடத்தான் படுக்கும்" என்றாள். றஞ்சனாவுக்கும் அவளே போன் போட்டாள். டின் பாலை ஒரேயடியாக நிறுத்தக் கூடாதாம், ஒவ்வொரு முறையும் முதலில் மார்பில் போட்டு, நிறை பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டுமாம். ஒரு மாதம் ஆகிவிட்டது, பால் பெருகுமா என்று அவள் கேட்கிறாள்.

நீங்கள் வர வேண்டும். சொல்லிப்போட்டு வரத் தேவையில்லை.

உங்கள்,
பத்மா


சிவமயம்

கட்டுக்கலை, கண்டி
02.04.2024

அன்புள்ள பேச்சியம்மா,

சுகமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? பதினாறு நாள் லீவு கேட்டதற்குத் தோட்டத்துத் துரை என்ன சொன்னார்? நீங்கள் போனபின் சமைக்கப் போனால் குசினி பெரிதாகத் தெரிகிறது. கட்டில் இருக்கத் தரையில் பாய் போட்டுப் படுத்தீர்களே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

இன்றைய செய்தி: டின் பால் நின்று நான்கு நாள். இன்று காலை றஞ்சனா தராசைக் கொண்டுவந்து நிறுத்துப் பார்த்தா. நிறை குறையவில்லை, நூற்றைம்பது கிராம் ஏறியிருக்கிறது! லோஜினி தராசைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். கணிதப் பட்டதாரிக்கு அந்த எண்ணை நம்ப முடியவில்லை.

பக்கவாட்டில் படுத்துக்கொண்டும், பிள்ளையைக் கக்கத்துக்குள் இடுக்கிக்கொண்டும் கொடுக்க றஞ்சனா காட்டித் தந்தது இப்போது கைபழகிவிட்டது, வயிற்றில் பாரமில்லை. ஒவ்வொரு முறை பால் கொடுத்ததும் கலண்டரில் கோடு போட்டுக்கொண்டே வருகிறாள், நேற்று பதினொரு கோடு. சேந்தன் தலையணையைச் சரிசெய்யவும் தண்ணீர் நீட்டவும் பழகிவிட்டான். நீங்கள் மகளின் முதுகைத் தடவிக்கொண்டு, "வரும்டி, வராம எங்க போகும்" என்று பகல் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தீர்களே, இப்போது அதை நான் சொல்கிறேன். உங்கள் தமிழில் சொன்னால்தான் அவளுக்குப் பிடிக்கிறது.

புறப்படும்போது வாசலில் என்னிடம் ஒன்று சொன்னீர்கள். "ஒங்களுக்குப் பால் இல்லாம இல்லீங்க, பக்கத்துல ஆள் இல்ல." பஸ் போன பிறகு கதிரையில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். இப்போது சுகமாக இருக்கிறது.

அந்த வெறும் டின்னை எதற்குக் கேட்டு வாங்கிப் போனீர்கள்?

அன்புடன்,
பத்மா


மாரியம்மன் துணை

புசல்லாவை
18.04.2024

அன்புள்ள பத்மா அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். வருஷப் பிறப்புக்கு நீங்கள் அனுப்பிய பயத்தம் பணியாரத்தை லயமே பங்கு போட்டுத் தின்றது. நூற்றைம்பது கிராமை நான் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். மலையில் இறங்கி வரும்போது முந்நூறு ஆகியிருந்தது, அது நான் சொன்னதில்லை.

டின் கதையைக் கேளுங்கள். மடுவத்தில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைப்பிள்ளைகள் மூன்று. தாய்மாரைப் பக்கத்து மலையில் வேலைக்குப் போடச் சொல்லிக் கேட்டேன். பிள்ளை பசித்து அழுதால் நான் வாசலில் நின்று அந்த டின்னைக் கரண்டியால் தட்டுகிறேன். ஒரு தட்டு என்றால் ஜெயராணி, இரண்டு தட்டு என்றால் அடுத்தவள். கொழுந்து நிறுக்கும் நேரத்துக்காக யாரும் காத்திருப்பதில்லை.

மூன்றாம் நாளே அழகமுத்து கணக்கப்பிள்ளை வந்து நின்றார். "இது யாரு போட்ட சட்டம் அக்கா?" என்றார்.

"எம்பேத்தி போட்ட சட்டம். ரெண்டு மாசப் புள்ளன்னு பாக்காதீங்க, ரொம்பக் கண்டிப்பு" என்றேன்.

அவர் துரையிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன். தாய் வந்து போகப் பத்து நிமிடம், பால் கொடுத்துவிட்டுப் போனால் மனது நின்று கொழுந்தெடுப்பாள் என்றேன். ஒரு மாதம் பார்ப்போம் என்றிருக்கிறார். இருபத்தாறு வருஷத்தில் அந்த அறையில் நான் நாற்காலியில் உட்கார்ந்து பேசியது இதுதான் முதல் தடவை. உட்காரச் சொல்லவில்லை, நானாகத்தான் உட்கார்ந்தேன்.

ஆதிரைக்கு முத்தங்களுடன்,
பேச்சியம்மா


சிவமயம்

கட்டுக்கலை, கண்டி
05.08.2024

அன்புள்ள பேச்சியம்மா,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதினால் பொய், நேற்றுத்தான் போனில் அரை மணித்தியாலம் கதைத்தோம். ஆனாலும் இது எழுதித்தான் சொல்ல வேண்டியது. தாளைத் திருப்பிப் பாருங்கள், பழைய நண்பர் ஒருவர் இருப்பார். அலுமாரியிலிருந்து உரித்ததை எறிய மனம் வரவில்லை.

நாளையோடு ஆதிரைக்கு ஆறு மாதம். முதல் சோறு ஊட்டுவதை எங்கே வைப்பது என்று கேட்டேன். "எங்க தோட்டத்துக் கோயில்ல மாமி" என்று லோஜினி சொன்னாள். தலைப்பிரசவம்தான் உங்கள் வீட்டில் நடக்கவில்லை. முதல் சோறாவது அங்கே நடக்கட்டும். தொட்டில் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்து வையுங்கள்.

போன வெள்ளிக்கிழமை இங்கே கோயிலில் என் பழைய அலுவலகக் கூட்டம் முழுவதும் நின்றது. ஒருத்தி ஆதிரையின் கன்னத்தைக் கிள்ளி, "ஒப்பரேசன் பிள்ளையெண்டால் டின் பால்தானே? இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு எங்க பால் வருது. நீங்கள் எண்டால் சேந்தனுக்கு ரெண்டு வருசம் குடுத்தனீங்கள்" என்றாள். லோஜினி என்னைப் பார்த்தாள். அந்தப் பிள்ளை இத்தனை மாதமாக என் பொய்யை ஒரு சொல்லாலும் காட்டிக்கொடுத்ததில்லை. அன்றும் குனிந்துகொண்டாள். என் மானத்துக்காகத் தன் பெருமையை விழுங்கிக்கொண்டு நின்றாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. ஐயர் மணியைக் கீழே வைக்கும் நேரம், கோயில் அமைதியாக இருந்தது. என் குரல் மூலஸ்தானம் வரை கேட்டிருக்கும்.

"ரெண்டு வருசமெண்டு நான் சொன்னது பொய். நானும் ஒப்பரேசன்தான். எனக்கு வரேல்லை. என்ர மருமகளுக்கு வந்தது. ஒரு மாசம் விட்டுப்போனதைத் திருப்பிக் கொண்டுவந்தவள்!"

அந்த நேரம் பார்த்து ஆதிரை வீறிட்டாள். லோஜினி அங்கேயே படியில் உட்கார்ந்து, சேலையை இழுத்து மூடி, பிள்ளையை எடுத்துக்கொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நேரம் என்னவென்று நாங்கள் பார்க்கவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் நாங்கள் நால்வரும் ஆதிரையும் வந்து இறங்குவோம். இரண்டு நாள் தங்குவோம், எனக்கும் தரையில்தான் பாய். பாருங்கள், நான் சொல்லிப்போட்டுத்தான் வாறன்.

உங்கள் சம்பந்தி,
பத்மா